அப்பாவின் குடலில் ஸ்பைரோகீட்டாம், மருந்து கட்டாயமா?

சிப்புட்_தம்பி:
அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். ரொம்ப நாளாக வயிற்றுப்போக்கு, நிற்கும், மறுபடி வரும், மலப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து சதை எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் 'குடல் ஸ்பைரோகீட்டோசிஸ்' என்று இருக்கிறது. எலிக் காய்ச்சல்தான் என்று அம்மா அழுகிறார். வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறோம், அதனாலா?

லேப்_அக்கா:
தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இது எலிக் காய்ச்சல் இல்லை. அது லெப்டோஸ்பைரா, இது பிராக்கிஸ்பைரா. இரண்டும் ஸ்பைரோகீட், அதாவது சுருள் கிருமி, தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெருங்குடலின் உள்தோல் ஓரத்தில் நீலமாக, பிரஷ் முடி மாதிரி, ஒரு முனையை ஊன்றிக்கொண்டு நெருக்கமாக நிற்கும். 1967-இல் ஹார்லண்ட், லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதியது இதைத்தான். மெதுவாக வளரும் கிருமி, ஆக்சிஜனும் ஆகாது, அதனால்தான் சாதாரண மலப் பரிசோதனையில் சிக்கவில்லை.

சிப்புட்_தம்பி:
நன்றி அக்கா, அம்மாவுக்கு இப்போதே படித்துக் காட்டுகிறேன். அப்புறம் அந்தக் கோழி?

தோட்டத்து_மிஸ்ஸி:
பிராக்கிஸ்பைராவில் மனிதரிடம் இருப்பவை முக்கியமாக இரண்டு வகை, ஆல்போர்கி, பைலோசிகோலி. பின்னது பன்றி, கோழியிலும் உண்டு. ஆனாலும் இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக் கோழிமேல் பழி போட முடியாது. கூண்டு கழுவினால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். மருந்து எல்லாருக்கும் தேவைப்படாது, பலருக்கு இது இருந்தும் தொந்தரவே இருக்காது. அப்பாவுக்குப் போக்கு நிற்காததால் டாக்டர் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கலாம், வாய் கசக்கும், பாதியில் விடக்கூடாது, அந்த நாட்களில் தண்ணி அடிக்கவே கூடாது. போக்கில் ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள், உடனே கூட்டிப் போங்கள்.