75 சதவீதத்தில் வரும் அந்தச் சண்டை: எனக்கு மட்டும்தான் அலுக்கிறதா?

பின்னிரவு வாசகி:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் காதல் நாவல்களைக் கேலி செய்ய வந்தவள் இல்லை. மாதத்துக்கு இரண்டு புத்தகமாவது படித்துவிடுகிறேன், பிள்ளை தூங்கிய பிறகு, கிண்டிலின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவைத்துக்கொண்டு. "போயும் போயும் இதையா படிக்கிறாய்" என்றவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவர்கள் முன்னால் இந்தக் குறையைச் சொன்னால் "பார்த்தாயா" என்பார்கள். அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன்.

நான் படிப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும் சமகாலக் காதல் நாவல்கள். அரண்மனைக் கதை, டிராகன் கதை எல்லாம் கணக்கில் சேர்த்தி இல்லை.

கிண்டிலின் கீழ் மூலையில் எவ்வளவு படித்திருக்கிறோம் என்று ஓர் எண் வரும் இல்லையா, அதுதான் வினை. 70ஐத் தாண்டியதும் எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். அதுவரை இருவரும் அவ்வளவு பக்குவமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்கு ஆஸ்பத்திரி வாசனை ஏன் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். அவன் அப்பாவோடு ஏன் பேசுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். 75 வந்தால் போதும், அவன் யாரிடமோ போனில் பேசுவதில் பாதி வாக்கியம் மட்டும் இவள் காதில் விழுகிறது. மீதியைக் கேட்கப் பொறுமை இல்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அவனாவது பின்னால் ஓடிப்போய் "நான் சொல்ல வந்தது அது இல்லை" என்று ஒரு வரி சொல்வானா என்றால், மாட்டான். மழையில் நிற்பான். 85இல் அவளுடைய தோழி வந்து புத்தி சொல்வாள். 92இல் ஊர் பார்க்க ஒரு பிரம்மாண்ட மன்னிப்பு. அப்புறம் "ஒரு வருடம் கழித்து" என்று கடைசி அத்தியாயம்.

இந்த வருடம் படித்த 19 புத்தகங்களுக்கு ஒரு சின்ன நோட்டில் கணக்கு வைத்தேன். 14இல் பிரிவு 72க்கும் 81க்கும் நடுவில் விழுகிறது. அந்த 14இல் நான் நிஜமாகவே அழுதது இரண்டுக்குத்தான்.

ஒன்றைச் சொல்கிறேன். அதில் ரகசியம் என்று எதுவுமே கிடையாது. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருப்பது ஆரம்பத்திலிருந்தே இருவருக்கும் தெரியும். பேச்சை எடுக்காமலே நாளைத் தள்ளுகிறார்கள். ஒருநாள் அவள் கேட்காமலேயே, அவளுடைய குவளைகளை அவன் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறான். அவள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "அந்த நீலக் குவளை உன்னுடையது" என்கிறாள். சண்டை அவ்வளவுதான். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மற்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். நாயகர்கள் அத்தனை பேர் மேலும் தேவதாரு மர வாசனை வீசுவது, கோடீசுவரனுக்கு ஒரு மீட்டிங்கூட இல்லாதது, பேக்கரி நடத்துகிறவள் விடிய விடியத் தூங்குவது, உள்ளே எவ்வளவு இருட்டு இருந்தாலும் அட்டையில் கார்ட்டூன் ஜோடி சிரிப்பது எல்லாம் பழகிவிட்டது. இந்தச் சண்டைதான் தொண்டையில் நிற்கிறது.

இது இல்லாமலே ஒரு காதல் நாவல் நிற்குமா? இல்லை, சண்டை வேண்டியதுதான், எழுதத் தெரியாமல் கெடுக்கிறார்களா?

சதவீதம் பார்க்காதவன்:

அந்த எண்ணை மறைத்துவைக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது. மறைத்துவிடுங்கள், பாதி வியாதி போய்விடும்.

மீதிப் பாதிக்கு மருந்து இல்லை. துப்பறியும் கதையில் முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழுகிறது என்று யாராவது அலுத்துக்கொள்கிறார்களா? ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா சங்கத்தின் வரையறையில் இரண்டே நிபந்தனைதான்: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். முடிவு தெரிந்துதான் உள்ளே போகிறோம். நடுவில் கொஞ்சமாவது பயம் காட்டாவிட்டால் எதற்குப் பக்கம் புரட்டுவது?

ஓரக்குறிப்பு:

பிரிவு தேவையா என்ற கேள்விக்கு, காதல் நாவல்களை ஆராய்ந்த பமேலா ரெஜிஸ் 2003இலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறார். காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகள் என்று பிரித்தவர் அவர். அதில் ஒன்றுக்குச் 'சடங்கு மரணம்' என்று பெயர். இனி இவர்கள் சேரவே மாட்டார்கள் என்று தோன்றும் கட்டம் அது. ஆகவே வாசகி அவர்களே, உங்கள் 75க்கு வயது அதிகம். எவ்வளவு அதிகம் என்று பார்க்க 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலைப் புரட்டினேன். மொத்தம் 61 அத்தியாயம். நாயகி எலிசபெத்தின் தங்கை லிடியா, விக்கம் என்ற அயோக்கியனோடு ஓடிப்போன செய்தி வருவது 46இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 75 சதவீதம்!

ஆனால் அந்த இடி எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். விக்கமின் யோக்கியதை எலிசபெத்துக்கு முன்பே தெரியும். வெளியே சொல்ல வேண்டாம் என்று அக்காவும் அவளும் பேசி முடிவெடுப்பது 40ஆம் அத்தியாயத்தில். நாயகன் டார்சியும் தன் வீட்டு மானத்துக்காக ஊரிடம் மூடி மறைத்தவன்தான். இருவரும் நல்ல எண்ணத்தில் செய்த காரியம் இருவர் தலையிலும் வந்து விழுகிறது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பாதி வாக்கியம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பழைய நாவல்களில் பெரும்பாலும் நாயகியின் பக்கமிருந்தே கதை நகரும். காதல் நாவல்களுக்கே பேர்போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் பழைய பிரதிகளைப் புரட்டினால் தெரியும், நாயகன் மூடிய பெட்டி. அவன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் தப்பாக நினைத்தால் நாமும் கூடவே தப்பாக நினைப்போம். இன்றைக்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றி மாற்றி, அவள் 'நான்', அவன் 'நான்'. அவன் உயிரையே வைத்திருக்கிறான் என்று 12ஆம் பக்கத்திலேயே அவன் வாயாலேயே கேட்டாயிற்று. அதற்கப்புறம் அவள் சந்தேகப்பட்டால் நமக்கு அவள் மேல்தான் எரிச்சல் வரும். கதை சொல்கிற முறையை மாற்றிவிட்டு, பழைய முறைக்கென்று தைத்த சண்டையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அளவு சேரவில்லை.

பின்னிரவு வாசகி:

ஓரக்குறிப்பு, இதைப் படித்ததும் எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்தேன். 14இல் 11 இருவர் பார்வை! அழவைத்த இரண்டும் அவள் பக்கத்திலிருந்து மட்டும் சொன்னவை. குவளையைச் சுற்றும்போது அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தானோ என்னவோ.

சதவீதம் பார்க்காதவன், எண்ணை மறைத்தேன். இப்போது பக்கத்தின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு அதை வரவழைக்கிறேன்.

அத்தியாயக்காரி:

நான் எழுதுகிற கட்சி. சொந்தமாக மின்னூல் போடுகிறவள், பெரிய பெயர் எல்லாம் இல்லை.

ஒரு தடவை பிரிவே இல்லாமல் எழுதிப் பார்த்தேன். பிரச்சினை வெளியிலிருந்து வரும், இருவரும் கைகோத்துக்கொண்டு சமாளிப்பார்கள். வெளியிடும் முன் ஐந்து பேருக்குப் படிக்கக் கொடுத்தேன். நான்கு பேர் "நல்லாத்தான் இருக்கு, ஆனா பின்பாதி உப்புச் சப்பில்லை" என்றார்கள். ஐந்தாவது ஆள் பாதியில் நிறுத்திவிட்டதை ஒரு மாதம் கழித்து ஒப்புக்கொண்டார். பயந்துபோய் ஒரு சண்டையைச் செருகினேன். நீங்கள் திட்டுகிற அதே பாதி வாக்கியச் சண்டைதான். விற்றது. அந்த அத்தியாயத்தை இப்போது திறந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

இதில் பணமும் இருக்கிறது. சந்தா கட்டி மின்னூல் படிக்கிற கிண்டில் அன்லிமிடெடில் 2015 ஜூலையிலிருந்து வாசகர் படித்த பக்கக் கணக்குக்குத்தான் பணம். அதற்கு முன் பத்து சதவீதம் படித்தாலே ஒரு இரவல் என்று கணக்கு. பக்கத்துக்குக் காசு என்றானதும், 60இல் சேர வேண்டியவர்களை 95 வரை இழுக்கிற ஆசை யாருக்குத்தான் வராது? எல்லாப் பழியையும் இதன் தலையில் போட முடியாதுதான், பெரிய பதிப்பகங்கள் அச்சில் போடுவதிலும் இதே சண்டை வருகிறது.

மூன்றாம் தடவை:

எல்லாரும் அந்தப் பாதி வாக்கியத்தைப் போட்டு மிதிக்கிறீர்கள். நான் அப்படி ஒரு பாதி வாக்கியத்தைக் கேட்டு, ஒருவரை விட்டுவிட்டு வந்தவள். கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. மீதிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியவர ஆறு வருடம் ஆனது, அதுவும் மூன்றாம் மனிதர் சொல்லி. அத்தனை நாள் மனம்விட்டுப் பேசியவர்கள்தான் நாங்களும்.

அதனால் பெட்டி கட்டுகிறவளை நான் நம்புகிறேன். நான் நம்பாதது உங்கள் 92ஐ. ஊரைக் கூட்டி ஒரு பேச்சு, ஒரு பூங்கொத்து, உடனே அவள் அழுதுகொண்டே ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். புத்தகத்தை மூடிவைப்பது எப்போதும் அந்த இடத்தில்தான்.

பின்னிரவு வாசகி:

மூன்றாம் தடவை, இரண்டு நாளாக இதற்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

என் நோட்டில் பிரிவு எத்தனை சதவீதத்தில் என்று மட்டும் குறித்திருக்கிறேன். மறுபடி சேர எத்தனை பக்கம் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒன்றுக்குக்கூடக் குறிக்கவில்லை. நேற்று உட்கார்ந்து 14ஐயும் புரட்டினேன். குவளைக் கதையில் 61 பக்கம். அதில் முதல் முப்பதில் அவன் வருவதே இல்லை, அவள் புது வீட்டில் ஜன்னலுக்குத் திரை வாங்குகிறாள், அளவு தப்பாக வாங்கித் திருப்பிக் கொடுக்கிறாள். அழவைத்த இன்னொன்றில் 48. மற்ற 12இல் எதுவுமே 20ஐத் தாண்டவில்லை.

ஓரக்குறிப்பு சொன்ன 46க்கு அப்புறம் டார்சி மறுபடி வந்து கல்யாணத்துக்குக் கேட்பது 58இல். நடுவில் 11 அத்தியாயம். அவன் லிடியா விஷயத்தில் செய்த உதவியும் எலிசபெத்துக்குத் தெரியக் கூடாது என்று செய்தது. பூங்கொத்து இல்லை.

நோட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டிருக்கிறேன். இப்போது படிப்பது 71இல் நிற்கிறது. அவனுக்குப் பழைய முதலாளியிடமிருந்து போன் வந்திருக்கிறது, இவள் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள்.