கோத்தகிரி இறக்கத்தில் ஹாரன் சத்தம் பத்தவில்லை, ஏர் ஹாரன் மாட்டலாமா?

காய்கறி பிக்கப்:
எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், பீட்ரூட் ஏற்றிப் போகும் பிக்கப் ஓட்டுகிறேன். விடியற்காலை மூன்று, மூன்றரைக்கே கிளம்பிவிடுவேன். போன வாரம் கொஞ்சம் தாமதமாகி, வெளிச்சம் வந்த பிறகு இறங்கிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் எதிரே ஏறி வந்த கார் முழுக்க என் பக்கத்திலேயே வந்துவிட்டது. நான் ஹாரனை அழுத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்த அவருக்கு எங்கே கேட்கும்? ஒரு முழம் இடைவெளியில் தப்பித்தோம். கை நடுக்கம் நிற்கும்வரை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மெக்கானிக் ஏர் ஹாரன் மாட்டச் சொல்கிறார், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றுக்கான சோதனை) அன்றைக்கு மட்டும் கழற்றிக்கொள்ளலாமாம். இது சரியா? வளைவில் ‘ஒலி எழுப்பவும்’ என்று பலகை இருக்கிறது, இன்னொரு பக்கம் ஹாரன் அடித்தால் அபராதம் என்கிறார்கள். எதைக் கேட்பது?

சட்டம் தெரிந்தவன்:
மாட்டாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119 இதைத்தான் சொல்கிறது. எல்லா வண்டிக்கும் ஹாரன் கட்டாயம், ஆனால் அடுத்தடுத்து வேறு வேறு சுரத்தில் ஒலிக்கும் ஹாரனும், அளவுக்கு மீறிக் கூச்சலாகவோ மிரள வைக்கும்படியோ சத்தம் போடும் எந்தக் கருவியும் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற வண்டிகளுக்குத்தான் தனிச் சத்தம் வைக்க விலக்கு. எஃப்.சி. அன்றைக்குக் கழற்றினால் மற்ற நாளில் சட்டப்படி ஆகிவிடாது.

பலகைக்கும் அபராதத்துக்கும் முரண் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194எஃப் பிரிவு, தேவையில்லாமலோ தொடர்ச்சியாகவோ பாதுகாப்புக்கு வேண்டிய அளவுக்கு மேலோ அடிப்பதையும், தடைப் பலகை உள்ள இடத்தில் அடிப்பதையும்தான் குற்றம் என்கிறது. முதல் முறை 1,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 2,000. எதிரே வருவது தெரியாத வளைவில் இரண்டு முறை சுருக்கமாக அடிப்பது பாதுகாப்புக்குத்தான். ஆனால் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும் கூடாது. நீங்கள் மூன்று மணிக்குக் கிளம்புகிறவர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

வயரிங் பட்டறை:
அண்ணா, புது ஹாரன் வாங்குவதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். நம் மலை ஈரத்துக்கு முதலில் போவது ஹாரனை வண்டி பாடியோடு சேர்க்கும் எர்த் கனெக்‌ஷன்தான். துருவைச் சுரண்டிவிட்டு போல்ட்டை இறுக்கினாலே பாதி வண்டிக்குச் சத்தம் திரும்பிவிடும். அடுத்து ரிலே, அதாவது பேட்டரியிலிருந்து ஹாரனுக்கு நேராகக் கரண்ட் விடும் சின்னப் பெட்டி. ரிலே இல்லாமல் சுவிட்ச் வழியாகவே நேராகக் கரண்ட் போனால் ஹாரன் வரை போதுமான அளவு வந்து சேராது. ஹாரனின் வாய் மேலே பார்த்து இருந்தால் தண்ணீர் தேங்கித் தகடு கெட்டுவிடும், கீழே பார்த்த மாதிரி மாட்டுங்கள். அப்படியும் பத்தவில்லையென்றால் ஹை, லோ என்று இரண்டு ஹாரன் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சாதாரண செட் போதும். அது விதியில் தடுத்த மியூசிக்கல் வகை இல்லை.

வளைவு வீட்டுக்காரி:
நான் குன்னூர் பக்கம், ஒரு வளைவுக்கு நேர் மேலே குடியிருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிட்டுக் கண்ணயர்வதே இரவு ஒரு மணிக்கு மேல்தான். மூன்று மணிக்கு ஏர் ஹாரன் ஒன்று மலையில் மோதித் திரும்பி வரும்போது படுக்கையிலேயே திடுக்கிட்டு எழுந்துவிடுவார். ஓட்டுகிறவர்களுக்கு உயிர் பயம் இருப்பது புரிகிறது, என் அண்ணனும் வண்டி ஓட்டுகிறவர்தான். ராத்திரியில் விளக்கு இருக்கிறதே, அதை முதலில் பயன்படுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சேரன் காலத்து டிரைவர்:
அந்தத் தங்கை சொல்வது சரி. சேரன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலிருந்து பஸ் ஓட்டினவன் நான். இருட்டில் வளைவுக்கு முன்னால் ஒரு தடவை டிம்-பிரைட் அடித்தால் வெளிச்சம் எதிர்ச் சரிவில் விழும், வருகிறவன் நம்மைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவான். ஆனால் மேகம் இறங்கிய நேரத்தில் பிரைட் வேண்டாம், நம் கண்ணுக்கே திரும்பி அடிக்கும், டிம்மிலேயே போக வேண்டும். மேகத்தில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள், அது பெரிய தப்பு தம்பி. அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? அது வண்டி நின்றுபோனால் போடுவது. நின்றுபோனால் முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்னாலேயே கொண்டுபோய் வை. நம் ஆட்கள் மரக்கிளையை ஒடித்து வைத்து, டயருக்குக் கல் முட்டுக் கொடுப்பார்கள், அதுவும் உதவும். ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடாமல் போகிறவனை நான் மன்னிக்கவே மாட்டேன். பைக்கில் வந்து அதில் ஏறி விழுந்த பையனை என் கையால் தூக்கியிருக்கிறேன்.

ஹாரன் பிரேக் ஆகாது. நீ இறங்குகிறவன், குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதுதான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். உன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வை, அவன் ஹாரன் உனக்குக் கேட்கட்டும்.

அப்புறம் ஒன்று. குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கிற மாதங்களில் யானை ரோட்டுக்கு வரும். அதைப் பார்த்து ஹாரன் அடிக்கவே கூடாது. தள்ளி நிறுத்தி, விளக்கை டிம் செய்துவிட்டு, இறங்காமல் காத்திரு. மண்டி எங்கேயும் போகாது.

காய்கறி பிக்கப்:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குப் பட்டறையில் பார்த்தார்கள், எர்த் முழுக்கத் துரு, ரிலேயும் போயிருந்தது. இரண்டையும் மாற்றிய பிறகு பழைய ஹாரனே நன்றாகக் கேட்கிறது, ஏர் ஹாரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா, உங்கள் அம்மா உடம்பு தேற வேண்டும். என் வழியிலும் வளைவு ஓரம் வீடுகள் இருக்கின்றன, இத்தனை நாள் அங்கே அடித்துக்கொண்டேதான் இறங்கியிருக்கிறேன். இன்று ராத்திரியிலிருந்து அந்த இடங்களில் விளக்குதான். ஐயா, முக்கோணப் பலகை என்னிடம் இல்லை, மேட்டுப்பாளையத்தில் மூட்டை இறக்கியதும் வாங்கிவிடுகிறேன்.