நவம்பரில் வெனிஸ் போகாதே என்றவருக்கு

பாதுவா மருமகன்:
நேற்று இங்கே மலைக்கோட்டை எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "குளிர்காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வெனிஸ் பக்கம் தலைவைக்காதீர்கள், சான் மார்கோ சதுக்கம் முழங்கால் தண்ணீரில் கிடக்கும்" என்கிறார். டிக்கெட் எடுத்துவிட்ட ஒரு தங்கை அதைப் பார்த்துப் பயந்து, ரத்து செய்யலாமா என்று கேட்கிறார். நான் ஒன்பது வருடமாகப் பாதுவாவில் இருக்கிறேன். ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் வெனிஸ். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி, கடல் வெள்ளம் ஊருக்குள் வராமல் மறிக்கும் மோசே தடுப்பு, சோதனைக்காக இல்லாமல் உண்மையான வெள்ளத்துக்காக முதல்முறை மேலே எழுந்தது. லீடோ, மலமொக்கோ, கியோஜா என்று கடல் உள்ளே வரும் மூன்று வாய்களிலும் 78 மஞ்சள் கதவுகள். சும்மா இருக்கும்போது நீர் நிரம்பி அடியில் படுத்திருக்கும். காற்றைச் செலுத்தினால் நீர் வெளியேறிக் கதவு எழுந்து நிற்கும். அதோடு அந்தப் பழைய கதை முடிந்தது. தெரியாமல் ஊரைப் பயமுறுத்தாதீர்கள்.

மலைக்கோட்டை:
தெரியாமல் பேசவில்லை. 2019 நவம்பர் 12 இரவு நான் அங்கே இருந்தேன். ஓதம், அதாவது கடல் ஏற்றம், 187 செ.மீ. (தெருத் தண்ணீரின் ஆழம் அல்ல, பழைய சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளப்பது.) வெள்ள எச்சரிக்கைச் சைரன் அடித்து முடித்ததும் அதன் பின்னால் நீளமாக ஒரு ஓசை கேட்கும். 110-க்கு ஒன்று, 140-க்கு நான்கு. அன்று நான்கையும் கேட்டவன் நான். விடுதிக்காரர் குளிர்பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார், தண்ணீர் மேசைக்கே வந்தது. மீதி இரண்டு நாள் வாடகையைக் கடைசிவரை திருப்பித் தரவில்லை. முழங்கால் என்று நான் குறைத்துத்தான் சொன்னேன்.

பாதுவா மருமகன்:
2019-இல் மோசே இல்லை. நான் சொன்னது அதற்குப் பிறகு.

மலைக்கோட்டை:
சரி, பிறகு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 8. மோசே வந்து இரண்டு மாதம். 138 செ.மீ. சதுக்கம் மூழ்கியதா இல்லையா?

பாதுவா மருமகன்:
அது சோதனைக் காலம். அப்போது 130-க்கு மேல் வரும் என்று கணித்தால்தான் தூக்குவார்கள். கணிப்பு குறைவாக வந்தது, தூக்கவில்லை. இப்போது 110-க்கே தூக்குகிறார்கள். 2022 நவம்பர் 22-இல் வெளியே கடல் 170-ஐத் தாண்டியது, ஊருக்குள் நனையவில்லை. இதைச் சொல்ல ஏன் மனம் வரவில்லை உங்களுக்கு?

சுற்றும்பூமி:
குறுக்கே வருகிறேன். சதுக்கத்தின் தாழ்வான பகுதி 80 சொச்சத்திலேயே நனையத் தொடங்கிவிடும். 110 வரை கதவு எழாது. அப்படியானால் நடுவில் உள்ள 30 செ.மீ. யார் கணக்கு?

பாதுவா மருமகன்:
கணுக்கால் தண்ணீர். பலகை மேடை போடுவார்கள், அதன்மேல் நடந்துபோகலாம். மூன்று நான்கு மணி நேரத்தில் ஓதம் இறங்கிவிடும். சதுக்கத்தில் உள்ள சான் மார்கோ பேராலயத்தைச் சுற்றி இப்போது கண்ணாடித் தடுப்பும் இருக்கிறது.

மலைக்கோட்டை:
30 செ.மீ. கணுக்காலா? வீட்டில் அடிக்கோல் இருந்தால் காலில் வைத்துப் பாருங்கள். கெண்டைக்கால் தாண்டும்.

பாதுவா மருமகன்:
தாழ்வான மூலையில், உச்ச ஓதத்தில், அரை மணி நேரம். சதுக்கம் முழுக்க இல்லை. கணுக்கால்தான்.

கயல்விழி:
இரண்டு பேரும் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். நான் போனது பிப்ரவரியில். எனக்குத் தண்ணீரே இல்லை! சிறிய கால்வாய்களில் நீர் வற்றி, கோண்டோலாக்கள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. காலையில் மூடுபனி, பாலத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை. படகு வருவது காதில் விழும், கண்ணுக்குத் தெரியாது. சந்துகளில் என் செருப்புச் சத்தம் மட்டும். ஜூலையில் போன என் அண்ணனுக்கு அது கிடைக்கவே இல்லை. இன்னொன்று, நவம்பர் எப்படிக் குளிர்காலம்? அது இலையுதிர்காலம்.

மலைக்கோட்டை:
அக்கா, ஸ்வெட்டர் போட்டால் குளிர்காலம்தான். நான் எழுதியது நவம்பர் முதல் பிப்ரவரி வரை.

சுற்றும்பூமி:
பாதுவாக்காரர் போன வருடம் பிராக் டிராம் விஷயத்திலும் இப்படித்தான் ஒற்றைக்காலில் நின்றார். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பாதுவா மருமகன்:
அங்கே நான் சொன்னது சரி, அதனால் ஒப்புக்கொள்ளவில்லை. அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? நவம்பர் 21-இல் வந்து பாருங்கள். 1630-இல் வந்த கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாகக் கட்டிய சலூத்தே தேவாலயத்துக்கு, பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு மெழுகுவர்த்தி ஏற்றப் போவார்கள். என் மாமியார் அன்று உப்புக்கண்ட ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் போட்டு மணிக்கணக்கில் சூப் வைப்பார். அது வெனிஸ். ஏப்ரல் முதல் ஜூலை வரை கூட்ட நாள்களில் பகலில் வந்துபோகிறவர்களிடம் 2024 முதல் நுழைவுக்கட்டணம் வாங்குகிறார்கள். குளிரில் அதுவும் இல்லை.

கயல்விழி:
ஐந்து யூரோ மிச்சமாவது பெரிய விஷயமா? 2025-இல் படகில் ஒருமுறை ஏறினாலே 9.50 யூரோ.

பாதுவா மருமகன்:
முன்கூட்டிப் பதியாவிட்டால் 2025-இல் பத்து. நான்கு பேர் என்றால் நாற்பது. படகில் ஏன் ஏற வேண்டும்? ரயில் நிலையத்திலிருந்து சதுக்கத்துக்கு நிதானமாக நடந்தாலே நாற்பது நிமிடம்.

மலைக்கோட்டை:
முழங்கால் தண்ணீரில் நாற்பது நிமிடமா?

பாதுவா மருமகன்:
கணுக்கால். அதுவும் சதுக்கத்தில் மட்டும்.

கொடைக்கானல் பெண்:
டிக்கெட் எடுத்தது நான்தான். டிசம்பர் 3 முதல் 7 வரை. ரப்பர் பூட்ஸ் இங்கிருந்தே கொண்டுபோகவா, அங்கே கிடைக்குமா? நாலரைக்கே இருட்டிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

கயல்விழி:
உண்மைதான் தங்கை. காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பூட்ஸ் அங்கேயே கிடைக்கும்.

மலைக்கோட்டை:
பார்த்தீர்களா, பூட்ஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் சொன்னது அதைத்தான்.

பாதுவா மருமகன்:
நீங்கள் சொன்னது போகாதீர்கள் என்று. பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அல்ல. தங்கை, ரத்து செய்யாதீர்கள். 110-க்குக் கதவு எழும்.

மலைக்கோட்டை:
80-க்குச் சதுக்கம் நனையும்.

பாதுவா மருமகன்:
கணுக்கால்.

சுற்றும்பூமி:
30 செ.மீ.