கேச்சைத் துடைக்க ஒரு குட்டிக் கட்டளை: தேவையா, வேண்டாத வேலையா?

இரவுக்காவலன்:
வீட்டு சர்வர், 8 ஜிபி ராம், லினக்ஸ். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் மெயில் சர்வரும் அதில்தான் ஓடுகின்றன. ராத்திரி பேக்கப் ஓடிய பிறகு, காலையில் முதல் சில குவெரிகள் இழுத்தடிக்கின்றன. பேக்கப் படித்த போட்டோவும் வீடியோவும் பேஜ் கேச்சில் (படித்த ஃபைல் பக்கங்களை லினக்ஸ் ராமில் பிடித்துவைக்கும் இடம்) சம்மணம் போட்டு உட்கார்ந்து, டேட்டாபேஸ் பக்கங்களை வெளியே தள்ளிவிடுகின்றன. அதனால் சி-யில் சின்னதாக ஒரு கட்டளை எழுதினேன். ஃபைலைப் படிக்கும், காப்பி எழுதும், எஃப்சிங்க் போட்டு அதை டிஸ்க்குக்குத் தள்ளும், கடைசியில் இரண்டு ஃபைலுக்கும் ஃபேட்வைஸ் வழியாக 'டோன்ட்நீட்' (இதன் பக்கங்கள் இனி கேச்சில் வேண்டாம்) என்று லினக்ஸின் மையமான கர்னலிடம் சொல்லும். இந்த வரிசை முக்கியம். டிஸ்க்குக்குப் போய்ச் சேராத டர்ட்டி பேஜை டோன்ட்நீட் தொடாது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

பழையசோறு:
இது ஏற்கெனவே இருக்கிறதே, அதுதான் குறை. காப்பி எடுக்கும் டிடி கட்டளையில் 'நோகேச்' ஆப்ஷன் உண்டு. அதே பெயரில் தனிக் கருவியும் உண்டு. கேச்சில் எது இருக்கிறது என்று பார்க்கவும் வெளியேற்றவும் விஎம்டச் உண்டு. தேங்கியதை டிஸ்க்குக்குத் தள்ளும் சிங்க் கட்டளைக்கு ஃபைல் பெயரையே கொடுக்கலாம் என்பது 2015-இல், அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸ் 8.24-லேயே வந்துவிட்டது. இன்னொரு பைனரி எதற்கு?

தவிர, கர்னல் அவ்வளவு ஏமாளி இல்லை. ஒரே ஒருமுறை படித்த பக்கம் இன்ஆக்டிவ் லிஸ்டில் நிற்கும், இடநெருக்கடி வந்தால் முதலில் போவது அதுதான். போஸ்ட்கிரெஸ் அடிக்கடி தொடும் பக்கம் ஆக்டிவ் லிஸ்டில் இருக்கும். அளந்து பார்த்தீர்களா, இல்லை தூக்கக் கலக்கத்தில் மெதுவாகத் தெரிந்ததா?

சி_பித்தன்:
ஒருமுறை படித்தால் நீங்கள் சொல்வது சரி. பல பேக்கப் ஸ்கிரிப்டுகள் செக்சம் (ஃபைல் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) எடுக்க ஒருமுறை, காப்பி எடுக்க ஒருமுறை என்று இரண்டு தடவை படிக்கின்றன. இரண்டாவது தொடுதலில் பக்கம் ஆக்டிவ் லிஸ்டுக்கு ஏறிவிடுகிறது. அப்புறம் அந்தக் கல்யாண வீடியோவுக்கும் டேட்டாபேஸ் இண்டெக்ஸுக்கும் கர்னல் வித்தியாசம் பார்க்காது.

நோகேச் கருவி எல்டி-ப்ரீலோட் தந்திரத்தில், அதாவது நிரலின் லைப்ரரி அழைப்புகளை இடைமறித்து ஓடுவது. வெளி லைப்ரரியை நம்பாமல் ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த கோ மொழி பைனரியிடம் அது பலிக்காது. ட்ராப்-கேச்சஸ் பற்றி யாராவது பேசுமுன் சொல்லிவிடுகிறேன்: ரூட் வேண்டும், மெஷினில் உள்ள மொத்த கேச்சையும் வழிக்கும். டெஸ்டிங், டீபக்கிங் தவிர வேறெங்கும் வேண்டாம் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது.

சுண்டெலி:
அண்ணே, குறுக்கே வர்றேன். பெண்டிரைவ்ல படம் காப்பி பண்றேன். நூறு சதவீதம்னு காட்டிடுது. பிடுங்கி டிவில சொருகினா பாதிப் படம்தான் ஓடுது. இதுக்கும் இந்த டூல் ஆகுமா?

சி_பித்தன்:
அந்த நூறு சதவீதம் ராமுக்குப் போனதன் கணக்கு தம்பி. டர்ட்டி-ரேஷியோ என்ற கர்னல் வரம்பு வழக்கமாக 20 சதவீதம். கிடைக்கும் மெமரியில் அந்த அளவு வரை எழுதாமல் தேங்க கர்னல் விடும். காப்பி ஓடும்போது இன்னொரு டெர்மினலில் மெமரிக் கணக்கைக் காட்டும் ப்ராக் மெம்இன்ஃபோவைத் திறந்து 'டர்ட்டி' என்ற வரியைப் பார். மடமடவென்று ஏறும், பெண்டிரைவ் வேகத்துக்குத் தவழ்ந்து இறங்கும். சிங்க் கட்டளைக்கு மைனஸ் எஃப் போட்டு பெண்டிரைவ் மவுண்ட் ஆன இடத்தைக் கொடு, அந்த ஃபைல்சிஸ்டம் மட்டும் எழுதி முடியும். பிறகு அன்மவுண்ட். உனக்குப் புது டூல் வேண்டாம்.

பழையசோறு:
காவலருக்கும் வேண்டாம் என்கிறேன். அந்தக் கருவி நல்லதைவிடக் கெடுதல் அதிகம் செய்யும். மெயில் ஃபோல்டரும் பேக்கப்பில் உண்டுதானே? மெயில் சர்வர் சூடாக வைத்திருந்த ஃபைலை உங்கள் கருவி படிக்கும், முடிந்ததும் டோன்ட்நீட் சொல்லும். ஏதாவது புராசஸ் தன் மெமரியோடு மேப் செய்த பக்கங்கள் தப்பிக்கும், மற்றவை போயே போச்சு. அடுத்தவன் சோற்றிலும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்.

இரவுக்காவலன்:
எந்தப் பக்கம் கேச்சில் இருக்கிறது என்று படிக்குமுன் மின்கோரிடம் கேட்டு, ஏற்கெனவே கேச்சில் இருந்த பக்கங்களை விட்டுவைத்தால் போதுமே. நோகேச்சும் அதைத்தானே செய்கிறது.

பழையசோறு:
2019-க்குப் பிறகு மின்கோர் எல்லாருக்கும் உண்மை சொல்வதில்லை. பேஜ் கேச்சை வேவு பார்க்கும் தாக்குதல் வெளியானதும் மூடிவிட்டார்கள். ஃபைல் உங்களுடையதாகவோ, எழுத அனுமதி உள்ளதாகவோ இல்லையென்றால் 'எல்லாப் பக்கமும் இருக்கிறது' என்றே பதில் வரும். பேக்கப்பைத் தனி யூசரில் ஓட்டினால் கருவி எதையுமே துடைக்காது.

சிஸ்டம்டி-ரன் கட்டளையில் ஓட்டி பேக்கப்புக்கு மெமரி-ஹை என்ற மெமரி வரம்பு கொடுங்கள். அது புதிதாக இழுக்கும் கேச் அதன் சிகுரூப் (கர்னல் மெமரியைத் தனியாக எண்ணி வரம்பு வைக்கும் புராசஸ் குழு) கணக்கிலேயே ஏறும், அதன் பக்கங்களையே அது தின்னும். ஒரே வரி.

சி_பித்தன்:
சிகுரூப் அழகான வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பி டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாதே. அந்த வேலைக்குத் தனிக் கட்டளை வேண்டியிருக்கிறதல்லவா?

பழையசோறு:
அப்படியானால் ஒரு கேள்வி. எஃப்சிங்க் ஈஐஓ (படிப்பதில் அல்லது எழுதுவதில் பிழை) என்று திருப்பினால் உங்கள் கருவி என்ன செய்யும்?

இரவுக்காவலன்:
கொஞ்சம் காத்திருந்து மறுபடி எஃப்சிங்க் போடும்.

பழையசோறு:
2018-இல் போஸ்ட்கிரெஸ்காரர்கள் தலையில் கை வைத்தது இதே இடத்தில்தான். எழுதுவது தோற்றதும் லினக்ஸ் அந்தப் பக்கத்தை 'கிளீன்' என்று குறித்துவிடலாம். பிழையை ஒருமுறை சொல்லியாகிவிட்டது, அடுத்த எஃப்சிங்க் சமர்த்தாக வெற்றி என்று திரும்பும். டிஸ்க்கில் டேட்டா இருக்காது. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சியே செய்வதில்லை. பேனிக் ஆகி நின்று, மாற்றங்களை முன்பே குறித்துவைத்த லாகிலிருந்து மீண்டு வருகிறது.

சி_பித்தன்:
இதில் மறுபேச்சு இல்லை. பிழை வந்தால் காப்பியை அழித்து, மூலத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும். கூடவே புது ஃபைலைத் தற்காலிகப் பெயரில் எழுதி ரீநேம் செய்தால், டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். ஷெல் ஸ்கிரிப்டில் இத்தனையும் ஒழுங்காக எழுதுகிறவர் எத்தனை பேர்? கருவி வேண்டும் என்பதற்கு நீங்களே காரணம் எடுத்துக்கொடுக்கிறீர்கள்.

பழையசோறு:
கருவி வேண்டும் என்றால் சிங்க்குக்கு மட்டும் எழுதுங்கள். கேச் பக்கம் கை நீட்டாதீர்கள்.

இரவுக்காவலன்:
துடைப்பதைத் தனி ஆப்ஷனாக வைக்கிறேன், எடுக்க மாட்டேன். இன்றிரவு பேக்கப்புக்கு முன்னும் பின்னும் டேட்டாபேஸ் ஃபைல்கள் மேல், எவ்வளவு கேச்சில் இருக்கிறது என்று காட்டும் ஃபின்கோர் ஓட்டி எண்களைப் போடுகிறேன். சிகுரூப் வரம்போடு ஒருநாள், என் கருவியோடு ஒருநாள்.

சுண்டெலி:
அண்ணே, மைனஸ் எஃப் போட்டேன். ப்ராம்ப்ட் திரும்பவே மாட்டேங்குது. டர்ட்டி இன்னும் 600 எம்பி காட்டுது. கன்ட்ரோல்-சி அடிக்கட்டா?

பழையசோறு:
அடிக்காதே. டீ குடித்துவிட்டு வா.