திரிபலா சூரணத்துக்குக் காலாவதித் தேதி எப்படிப் போடுவது?

சூரணக்காரி:
நாகர்கோவிலில் சிறிய அளவில் சித்த மருந்து செய்கிறோம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சம எடை. கொட்டை நீக்கி இடித்து, வஸ்திரகாயம் செய்து (மெல்லிய துணியில் சலித்து), 100 கிராம் டப்பாவில் அடைக்கிறோம். ஐப்பசியில் அடைத்ததைத் தையில் திறந்தால் கட்டி தட்டியிருக்கிறது. அப்பா, "சூரணத்துக்கு மூணு மாசம்தான் ஆயுள்" என்கிறார். கடைக்காரரோ இரண்டு வருடம் போடச் சொல்கிறார். ஆய்வகத்தில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

தராசுத்தட்டு:
பதினோரு வருடமாக மூலிகை ஆய்வகத்தில் இருக்கிறேன், சகோதரி. அப்பா சொல்வது பழைய சித்த நூல்களின் கணக்கு. அதைத் தாண்டித் தேதி போட ஆதாரம் வேண்டும். சீக்கிரம் கெடவைத்துப் பார்க்க, 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்து, இடையிடையே எடுத்துப் பார்ப்போம்: 105 டிகிரியில் உலர்த்தினால் எவ்வளவு ஈரம் போகிறது, பூஞ்சை எவ்வளவு, எச்.பி.டி.எல்.சி. (மூலிகையின் வேதிப்பொருள்களைத் தட்டில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) பட்டைகள் அப்படியே இருக்கின்றனவா என்று. கூடவே 30 டிகிரியில் இன்னொரு தொகுதி நிஜக் காலத்துக்கு ஓடும்.

ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். திரிபலாவில் உள்ள காலிக் அமிலம் மட்டும் அளந்தால் செலவு குறையும் என்பார்கள். ஆனால் கடுக்காயில் உள்ள செபுலாஜிக் அமிலம் போன்ற பெரிய டானின்கள் (துவர்ப்புப் பொருள்கள்) ஈரத்தில் உடையும்போது வெளியே வருவதே காலிக் அமிலம்தான். சரக்கு கெடக் கெட ரிப்போர்ட்டில் எண் ஏறும்! முதல் வருடம் நானே தொடக்க அளவில் 112 சதவீதம் வந்ததைப் பார்த்து, 'மிக நன்று' என்று எழுதிவைத்தேன். மேலதிகாரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. செபுலாஜிக் அமிலத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், விற்கிற அதே டப்பாவில், அதே மூடியோடு கொடுங்கள். கண்ணாடிக் குப்பியில் கொடுத்து வாங்கிய தேதி உங்கள் டப்பாவுக்குச் செல்லாது.

கல்வம்:
பிட்டவியல் (சூரணத்தைப் பால் ஆவியில் அவித்துச் சுத்தி செய்வது) செய்கிறீர்களா? பாலாவியில் அவித்ததைச் சரியாகக் காயவைக்காவிட்டாலும் கட்டி தட்டும். ஐப்பசியில் உங்கள் ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? நாங்கள் அந்த மாதம் உலக்கையைத் தொடுவதே இல்லை.

சூரணக்காரி:
பிட்டவியல் உண்டு, நிழலில்தான் உலர்த்தினோம். தராசுத்தட்டு சொன்ன பிறகு, பிரிக்காத டப்பா ஒன்றை எடை போட்டேன். அடைத்த அன்று நோட்டில் 118.2 கிராம், இன்று 121.6. மூடிக்குள் அலுமினியச் சீல் கிடையாது.

தராசுத்தட்டு:
3.4 கிராம் மழையைக் குடித்திருக்கிறது! இப்போது ஆய்வகத்துக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். சீல் போட்டு, பங்குனி வெயிலில் உலர்த்திய புதுத் தொகுதியை அனுப்புங்கள்.