உப்புப் பார்க்காத கை: ரமலான் சந்தை அனுபவங்கள்

பந்திங்கிலிருந்து:

நோன்பு மாதம் பிறந்தால் மலேசியாவில் மாலைதோறும் உணவுச் சந்தைகள் கூடும். கோலாலம்பூர் சந்தைகளைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறோம். நான் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பந்திங் ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதுகிறேன், அதுவும் அம்மாவோடு போன ஒரு மாலையைப் பற்றி.

அம்மா தோட்டத்துப் பிள்ளை. இருபத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், விடியும்போது மரத்தடியில் நிற்பார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் தமிழர்கள். மலாய்க்காரர்களின் கம்பத்துக்கும் (கிராமத்துக்கும்) எங்களுக்கும் நடுவே முழுத் தோட்டமும் கிடந்தது. அவர்கள் சமையல் அம்மாவுக்குப் பழக்கமே இல்லை. "எதில் மாடு கலந்திருக்கும் என்று யார் கண்டது?" என்பார். அந்த ஒரு பயத்தால் சந்தை இருக்கும் திசையில்கூட நாங்கள் தலைவைத்துப் படுத்ததில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் அந்த நிலத்தில் வீடுகள் எழும்பின. டவுனை ஒட்டிய தாமானுக்கு (குடியிருப்புக்கு) நாங்கள் குடிவந்தபோது, சந்தை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கே சாத்தே என்ற குச்சி இறைச்சி சுடும் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும். அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

2024-இல் நோன்பு மார்ச் 12-ஆம் தேதி தொடங்கியது. முதல் வாரம் முடிவதற்குள், எப்படியோ பேசிப் பேசி அவரை அழைத்துக்கொண்டு போனேன். வெயில் சாய்ந்தும் தார்ச்சாலை கொதித்தது. கரும்புச்சாறு, முட்டையும் இறைச்சியும் வைத்து மடித்துச் சுட்ட முர்தபாக், வாழையிலையில் சுட்ட மீன், தேங்காய்ப்பால் மசாலா பூசித் தணலில் வாட்டிய ஆயாம் பெர்சிக் என்று வரிசையாகக் கடைகள். அம்மா என் கையை விடவே இல்லை.

ஒரு பலகாரக் கடையில் அவர் நின்றார். குழி குழியான பித்தளை அச்சில் மாவு ஊற்றி, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மாக்சிக் (மலாய்ப் பெண்மணி) சுட்டுக்கொண்டிருந்தார். "பணியாரம்!" என்றார் அம்மா, முகமெல்லாம் மலர்ந்து. விரலை நீட்டிப் பத்துக் கேட்டார். இடுக்கியை எடுத்த மாக்சிக், அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். இடுக்கியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இது சாரா பெர்லாவுக், அம்மா. உள்ளே டாகிங், மாட்டிறைச்சி, இருக்கிறது. உங்களுக்கு ஆகாது. அந்தத் தட்டில் இருப்பது சாரா மானிஸ், வெறும் இனிப்பு, அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் மலாயில். பிறகு, யாரும் கேட்காமலே, பையிலிருந்து வேறு இடுக்கியை எடுத்து இனிப்பை எடுத்துத் தந்தார்.

அந்த இரண்டாவது இடுக்கியை நான் மறக்கவே மாட்டேன். வரிசையில் பின்னால் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் சட்டென்று தோன்றாத ஒன்று, விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத அந்த அம்மாளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தோட்டத்தில் கற்ற உடைந்த மலாயில், "நோன்பிருக்கும்போது வாயில் வைக்காமல் உப்பு எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், அதற்கு அனுமதி உண்டு, ஆனால் தனக்கு அது தேவைப்படுவதில்லை என்றார் மாக்சிக். "கைக்குத் தெரியும்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். "பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்று உளிக்கா தெரியும்? கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. இருட்டில் கைக்குத்தானே தெரியும்? அந்த அம்மாளுக்கும் அப்படித்தான்." மலாய்க்காரர் ஒருவரைத் தன் தொழிலோடு சேர்த்து அம்மா பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

நம்மவர்கள் பலர் இன்னும் தயங்கித்தான் நிற்கிறார்கள் என்பதால் சில விவரங்கள். டாகிங் என்ற சொல்லுக்குப் பொதுவாக இறைச்சி என்று பொருள். சந்தையில் அப்படிச் சொன்னால் அது மாடுதான். ஆட்டுக்குக் காம்பிங், கோழிக்கு ஆயாம். முர்தபாக்கும், முட்டையும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ரொட்டி ஜானும் மாடு, கோழி இரண்டிலும் கிடைக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். கோழிச் சாத்தேயும் மாட்டுச் சாத்தேயும் பெரும்பாலும் ஒரே தணலில் வேகும். அது மனத்துக்கு ஒப்பாதவர்கள் விட்டுவிடலாம். இனிப்புகளில் கவலையே இல்லை. பாண்டான் (ரம்பை) இலைத் தொன்னையில் தேங்காய்ப்பால் ததும்பும் தெப்போங் பெலித்தா, வெல்லப்பாகு ஊற்றிய லோப்பெஸ், இரண்டுமே நம் நாக்குக்கு அந்நியம் அல்ல. புத்து பிரிங் நம்முடைய புட்டேதான், பெயரும் அதுவே.

பந்திங் பக்கம் வருகிறவர்கள் நாசி அம்பெங்கை விடாதீர்கள். இந்த வட்டாரத்தில் ஜாவா வழியினர் அதிகம், இது அவர்கள் உணவு. சோறு, கோழி, பொரித்த பீஹூன் சேமியா, புளிக்கவைத்த சோயாவான டெம்பே போட்ட சம்பால், வறுத்த தேங்காய்த்துருவல், கருவாடு எல்லாம் ஒரே பொட்டலத்தில் இருக்கும். நான்கு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து உண்பதுதான் அதன் முறை.

கோலாலம்பூரில் வேலை செய்யும் ஒருவர்:

அக்கா, அந்த இடுக்கியைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் நெகிரி செம்பிலானில் பாஹாவ் பக்கத் தோட்டத்துக்காரன். தலைநகருக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நோன்பு மாதத்தில் வேலை முடிந்ததும் வாரம் ஒரு சந்தை என்று சுற்றுவேன்.

கம்போங் பாரு சந்தைக்கு எல்.ஆர்.டி. ரயிலில் போனால் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். காரில் போவது வீண். அங்குள்ள ஜாமிக் பள்ளிவாசலில் மாலை நேர அஸர் தொழுகைக்குப் பிறகு புபோர் லம்புக் கஞ்சியை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இனம் பார்ப்பதில்லை. முதல் வருடம் நானும் வரிசையில் நின்றேன். அதில் மாட்டிறைச்சி சேரும் என்பது எனக்குத் தெரியாது. முன்னால் நின்ற முதியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். நான் ஒதுங்கியபோது, தன் பையிலிருந்த பேரீச்சம்பழத்தில் ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார்.

மஸ்ஜித் இந்தியா பகுதி எனக்கு வேறு மாதிரி. இந்திய முஸ்லிம்கள் 1863-இல் எழுப்பிய பள்ளிவாசல் அது. சுற்றிலும் தமிழ்ப்பேச்சு. கடைக்காரர் "வாங்க தம்பி" என்று கூப்பிடும்போது ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். நோன்புக் கஞ்சியை முதன்முதலில் குடித்தது அங்கேதான்.

பெரிய நகரத்துச் சந்தைகளில் கூட்டமும் அவசரமும் அதிகம். ஒரு கடையில் வாங்கிய கோழி, எலும்பருகே பச்சையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பந்திங்கில் மறுநாளே அந்த மாக்சிக்கிடம் போய்ச் சொல்லலாம். அந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கெடா மாநிலக் கூலிமிலிருந்து, முர்தபாக் கடைக் குடும்பத்துப் பெண்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். வாப்பா (அப்பா) கல்லில் நின்றிருந்தார், இப்போது நானாவும் (அண்ணனும்) நானும் நிற்கிறோம். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தோட்டத்து இந்துக்கள்.

தயவுசெய்து கேளுங்கள். கேட்டால் நாங்கள் வருத்தப்படுவோம் என்று நினைத்துப் பேசாமல் போய்விடுகிறார்கள், அதுதான் எங்களுக்கு வருத்தம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சைவம் கடைப்பிடிப்பவர்கள் உருளைக்கிழங்கு அடைத்த கரிபாப் பலகாரம் என்று நம்பி வாங்குகிறார்கள். பல கடைகளில் எல்லாக் கரிபாப்பும் ஒரே எண்ணெயில்தான் பொரியும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு வந்தால் உங்களோடு நின்று பேச முடியும். ஆறரைக்கு மேல் கை ஓயாது. ஏழரை மணி வாக்கில் நோன்பு திறக்கும் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லிவிடுவார்கள், அதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும். நீங்கள் வாங்கியதை நடந்துகொண்டே சாப்பிட்டால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் பையில் போட்டு எடுத்துச் செல்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனம் குளிர்ந்துபோகும்.

2020-ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொரோனாவால் மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் ரமலான் சந்தை நடக்கவில்லை. எங்களுக்கு அந்த ஒரு மாத வருமானம்தான் அரை வருடத்துக்கு. பின்தெருவில் இருந்த ஓர் அண்ணன் ஃபோனில் கேட்டார்: "வீட்டில் போட்டுத் தருவாயா, தங்கச்சி? கோழி முர்தபாக், ஆறு." மறுநாள் அவர் தெருவிலிருந்து பதினான்கு வீடுகள் கேட்டன. அவர் ஒருவரே வாசலில் வந்து வாங்கிப் போய் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். உம்மா அழுதுவிட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி எங்களிடமிருந்துதான் போகிறது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், ஒரு முடிச்சுப் பாண்டான் இலை. அவர்களுக்கென்று கறி சேர்க்காமல் தனிப் பானையில் வைப்போம்.

மீண்டும் பந்திங்கிலிருந்து:

தங்கச்சி, தனிப் பானை என்று எழுதியிருந்ததை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

அந்த மாக்சிக் மற்ற மாதங்களில் காலைச் சந்தையில் பலகாரம் விற்கிறார் என்று பிறகு தெரிந்தது. 2024 தீபாவளிக்கு மறுநாள், அம்மா தூக்குச்சட்டியில் அதிரசம் எடுத்துக்கொண்டு போனார். மாக்சிக் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பெனெராம் அல்லவா! எங்கள் வீட்டில் பெருநாளுக்குச் செய்வோம். நடுவில் ஓட்டை போட மறந்துவிட்டீர்களே" என்றார். வாயில் போட்டுக்கொண்டே மாவுக்கு என்ன அரிசி என்று கேட்டார். அம்மா அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பாகுப் பதத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் காரில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.