வார்ம் கியர்பாக்ஸ் கொதிக்கிறது, ஹெலிகலுக்கு மாற்றலாமா?

மூட்டைக்காரன்:
மஞ்சள் குடோனில் லாரிக்கு மூட்டை ஏற்றச் சாய்வு கன்வேயர் ஒன்று செய்து கொடுத்தேன். 1 எச்பி மோட்டார், 1440 ஆர்பிஎம், 60:1 வார்ம் கியர்பாக்ஸ் (திருகு போன்ற தண்டு வெண்கலப் பல்சக்கரத்தைச் சுற்றும் வகை), வெளியே 24 ஆர்பிஎம். ஒரு மணி நேரம் ஓடினால் பாடியில் கை வைக்க முடியவில்லை, ஐந்தாறு மூட்டை சேர்ந்தாற்போல் ஏறினால் திணறுகிறது. 1.5 எச்பி மோட்டார் போடு என்கிறார் ஒருவர், கியர்பாக்ஸையே ஹெலிகல் (சாய்வுப் பல் சக்கர வகை) ஆக்கு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பட்டறை_63:
மோட்டாரைப் பெரிதாக்காதீர்கள், சூடு இன்னும் ஏறும். 0.75 கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால், வெளித்தண்டைச் சுற்றும் விசை (டார்க்) 298 நியூட்டன் மீட்டர். ஆனால் 60:1 வார்மில் பல் உருளாமல் வழுக்கிக்கொண்டே ஓடுவதால் 60 சதவீதம் கைக்கு வந்தாலே பெரிது, அதாவது 180-க்குள்தான், மீதி முழுக்கச் சூடு. ஹெலிகல் என்றால் 280 வரை கிடைக்கும். விலை கூடத்தான், ஆனால் நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு வார்மே தப்பு என்பேன்.

கன்வேயர்பித்தன்:
அண்ணா, அவசரப்படாதீர்கள். நானும் இப்படித்தான் ஹெலிகலுக்கு மாற்றினேன், முதல் நாளே கரண்ட் போனது, பெல்ட்டில் இருந்த நாலு மூட்டையும் சரசரவென்று பின்னால் இறங்கிவிட்டன, கீழே நின்ற ஆள் தாவிக் குதித்ததால் தப்பித்தார். வார்ம் தானாகப் பிடித்து நிற்கும், ஹெலிகல் நிற்காது. பின்னால் சுற்றவிடாத பேக்ஸ்டாப்போ, கரண்ட் போனதும் தானாகப் பிடிக்கும் பிரேக் மோட்டாரோ கட்டாயம் வேண்டும். வார்மைக்கூட முழுசாக நம்ப முடியாது, அதிர்வு இருந்தால் நழுவும்.

எண்ணெய்க்கறை:
அதெல்லாம் சரி, உள்ளே என்ன ஆயில் ஊற்றினீர்கள்? வடிகால் போல்ட்டைக் கழற்றி நாலு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள்.

மூட்டைக்காரன்:
பார்த்தேன். துணியில் பொன்னிறத் தூள் மினுக்குகிறது. ஃபிட்டர் லாரிக்கு ஊற்றும் ஈபி 90 கியர் ஆயிலை ஊற்றியிருக்கிறார்.

எண்ணெய்க்கறை:
அந்தத் தூள் உங்கள் வெண்கலச் சக்கரம்தான். அந்த ஆயிலில் இருக்கும் கந்தகச் சேர்க்கை, சூடு ஏற ஏற வெண்கலத்தை அரிக்கும். இனி ஆயிலை மாற்றியும் தேய்ந்த பல் திரும்பி வராது.

மூட்டைக்காரன்:
அப்படியென்றால் பேக்ஸ்டாப் வைத்த ஹெலிகலே வாங்கிவிடுகிறேன். சுற்றும் திசையை ஆர்டரில் எழுத வேண்டுமா?

கன்வேயர்பித்தன்:
கட்டாயம். எந்தப் பக்கம் நின்று பார்த்தால் எந்தத் திசை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாட்டும் நாளில் முதலில் மோட்டாரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள், பார்க்காமல் மாட்டி, ஃபேஸ் வயர் மாறித் தலைகீழாகச் சுற்றினால் பேக்ஸ்டாப் அன்றைக்கே உடைந்துவிடும்.